அக்கா வீட்டு அரிசி

பிரிக்பீல்ட்ஸ்
17 ஜனவரி 2024

அன்புத் தம்பி வாசுவுக்கு,

தொண்டையைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது? முழங்கால் வலிக்கு நான் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை பாட்டிலை அலமாரியில் வைத்துக் கும்பிடுகிறாயா?

என்னடா திடீரென்று கடிதம் என்று யோசிப்பாய். கழுத்துக்கட்டியை எடுத்து ஐந்து வாரமாகிறது. குரல் நரம்பு ஒன்று அசையவில்லையாம். ஆறு மாதத்தில் வரலாம், ஒரு வருடமும் ஆகலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. போனில் பேச வழியில்லை. வாட்ஸாப்பில் எழுதலாம்தான், ஆனால் நீ ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுத் தப்பித்துக்கொள்வாய். கடிதம் என்றால் பதில் எழுதித்தான் ஆகவேண்டும்.

இருபத்தாறு வருடம் தமிழ்ப்பள்ளியில் கத்திக் கத்தியே சம்பளம் வாங்கியவள் நான். ஆகஸ்டுக்குள் குரல் வராவிட்டால் வகுப்பு கிடையாது, ஆபீசில் உட்கார்ந்து கோப்பு அடுக்கவேண்டியதுதான் என்று தலைமையாசிரியர் நாசூக்காகச் சொல்லிவிட்டார். கேட்டுவிட்டுத் தலையாட்டினேன். வேறென்ன செய்ய, திட்டக்கூட முடியவில்லை.

அதனால் பந்திங்கில் அப்பா அம்மா கும்பிட்ட எஸ்டேட் முருகனுக்கு ஒரு சேவல் விடுவதாக வேண்டிக்கொண்டேன். நம் வீட்டு வழக்கம் உனக்கே தெரியும். வேண்டிக்கொண்ட நாளிலிருந்து உயிரோடு கோயிலில் விடுகிற நாள்வரை, அந்தச் சேவல் வேண்டிக்கொண்டவர் வீட்டு அரிசியைத்தான் தின்னவேண்டும், ரத்தசொந்தத்தின் கையில்தான் வளரவேண்டும். ஒன்பது நாள் என் பால்கனியில் வைத்திருந்தேன். பத்தாவது மாடியில் நின்று விடிய விடியக் கூவினான். அவன் தொண்டையில் பாதி எனக்கு இருந்தால் போதும். அதற்குள் மேனேஜ்மென்ட்காரர்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? தம்புசாமியின் காய்கறி லோரியில் சேவலையும் ஒரு பை அரிசியையும் அனுப்புகிறேன். கறுப்பு உடம்பு, சிவப்புக் கழுத்து. இடது காலில் பின்விரலுக்கு நகம் இல்லை. உள்ளங்கையில் அரிசி வைத்தால்தான் தின்பான், கெட்ட பழக்கம் பண்ணிவிட்டேன். உன் பண்ணையில் அறுபதாயிரம் கோழி இருக்கிறது. அறுபதாயிரத்து ஒன்று என்றால் என்ன குறைந்துவிடப் போகிறது?

மறுக்காதே.

உன் அக்கா,
தனலெட்சுமி


பந்திங்
5 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வாசு எழுதுவது. இங்கே வெயில் கொளுத்துகிறது, மற்றபடி சௌகரியம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறேன், சத்தியமாக. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு வர நினைத்திருந்தேன். அன்றைக்கென்று பார்த்து கோழி பிடிக்கிற லோரி வந்துவிட்டது.

சேவல் பத்திரமாக வந்து சேர்ந்தது. பழைய தீவனக் கொட்டகைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில் கூண்டு கட்டியிருக்கிறேன். நான் சூப்பர்வைசர், நாள் முழுக்க மூன்று கொட்டகைக்கும் ஓடவேண்டும். அதனால் அரிசியை எடுத்துக் கூண்டருகே வைப்பது நான், ஊட்டுவது சின்னையா அண்ணன். இங்கே பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறவர், எங்கள் பாஸ் திருச்செல்வத்தின் அப்பா காலத்து ஆள். வழக்கத்தைச் சொன்னேன். 'ஒங்க கை பட்ட அரிசிதானே தம்பி, சாமி கோவிச்சுக்காது' என்றார். அவர் உள்ளங்கையிலும் தின்கிறது.

தினமும் காலையில் என்னைப் பார்த்ததும், 'அக்காவுக்குக் குரல் வந்துச்சா தம்பி?' என்று கேட்கிறார். இன்னும் இல்லை என்றால், சேவலுக்கு ஒரு பிடி அதிகம் போடுகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். பேச முயற்சி செய்து நரம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
வாசு


பிரிக்பீல்ட்ஸ்
23 பிப்ரவரி 2024

அன்புத் தம்பி வாசுவுக்கு,

காய்ச்சல், சளி ஒன்றுமில்லை. சாப்பிடும்போது தண்ணீர் புரையேறுகிறது, அவ்வளவுதான். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பார்க்க வந்தார்கள். நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து அவர்களும் பேசவில்லை. அந்த வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அவர்கள் போனபிறகு அழுதேன். அதற்கும் சத்தம் வரவில்லை.

அடுத்த பை அரிசி அனுப்பியிருக்கிறேன். ஒன்று கேட்கவேண்டும். 'யார் கண்ணிலும் படாத இடம்' என்று ஏன் எழுதினாய்? சேவல் வைத்திருப்பதில் அங்கே ஏதாவது தடை இருக்கிறதா? இருந்தால் சொல்லிவிடு, வேறு வழி பார்க்கிறேன். சின்னையா அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல். முகம் தெரியாத மனுஷர் என் தொண்டையைப் பற்றி நினைக்கிறார் என்பது தெம்பாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா


பந்திங்
9 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ புரையேறாமல் மெதுவாகச் சாப்பிடு.

தடை ஒன்றும் இல்லை. வெயில் படாத இடம் என்று எழுத நினைத்து அப்படி எழுதிவிட்டேன்.

ஹரிராயா பெருநாள் சந்தைக்காகப் போன வாரம் மூன்றாம் கொட்டகையில் இருபதாயிரம் குஞ்சு இறக்கினோம். ஒரே வேலை. நேற்று பாஸ் திடீரென்று வந்துவிட்டார், அந்த நேரம் பார்த்து உன் ஆள் கூவ ஆரம்பித்துவிட்டான். சின்னையா அண்ணன் ஓடிப்போய்க் கூண்டின் மேல் சாக்கைப் போட்டு மூடினார். பாஸ் 'என்னாலா சத்தம்?' என்றார். பக்கத்துக் கம்பத்தில் யார் வீட்டுச் சேவலோ என்றேன். சின்னையா அண்ணன் அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்புடன்,
வாசு


பிரிக்பீல்ட்ஸ்
2 ஏப்ரல் 2024

அன்புத் தம்பி வாசுவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

தம்புசாமி நேற்று அரிசிப் பை வாங்க வந்தார். உங்கள் பண்ணையில் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றனவாம், கேட்டுக்கு உள்ளே யாரையும் விடுவதில்லையாம், பையைக் காவலரிடம் கொடுத்துவிட்டு வருகிறாராம். ஆட்களுக்கு ஒன்றும் இல்லையே? நீ முகமூடி போடுகிறாயா?

கேட்கவே வெட்கமாக இருக்கிறது, ஆயிரக்கணக்கில் சாகும்போது ஒன்றைப் பற்றிக் கேட்கிறேன். என் சேவல் எப்படி இருக்கிறான்?

உடனே எழுது.

அக்கா


பந்திங்
21 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவேண்டும். உன் உடம்பு தேவலையா? நான் கொஞ்சம் இளைத்திருக்கிறேன், வேறொன்றுமில்லை.

தம்புசாமி சொன்னது உண்மைதான். மூன்றாம் கொட்டகைக் குஞ்சுகளுக்கு இருபதாவது நாள். காலையில் உள்ளே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் குந்தியிருந்தன. தண்ணீராக மஞ்சள் கழிச்சல். முதல் நாள் நூற்றெண்பது, மறுநாள் அறுநூறு, அதற்கடுத்த நாள் ஆயிரத்துக்கு மேல். ஒரு வாரத்தில் தானாகவே நின்றுவிட்டது. அதற்குள் நாலாயிரத்துச் சொச்சம் போய்விட்டது. சுண்ணாம்புக் குழி வெட்டி வெட்டிக் கை காய்த்துவிட்டது.

கால்நடை டாக்டர் ஷப்னம் வந்து அறுத்துக் காட்டினார். கல்லீரல் வெளுத்து, மஞ்சளாகி, விரல் பட்டாலே உடைகிறது. இதயத்தைச் சுற்றி மஞ்சள் தண்ணீர். இரைப்பையின் உள்தோலில் கறுப்புக் கறுப்பாகப் புண். அடினோவைரஸ் என்று பெயராம், மருந்து கிடையாது, மனிதருக்கு வராது. நீ பயப்படவேண்டாம். செமினியில் இன்னொரு பண்ணைக்கும் இதே குஞ்சுகள் போயிருக்கின்றன, அங்கேயும் அதே நாளில் அதே சாவு. தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்திருக்கவேண்டும் என்று போன வாரம் ரிப்போர்ட் வந்தது.

சேவல் நன்றாக இருக்கிறது. நன்றாகத் தின்கிறது.

சின்னையா அண்ணன் வேலையை விட்டுப் போய்விட்டார். வயசாகிவிட்டது இல்லையா.

அன்புடன்,
வாசு


பிரிக்பீல்ட்ஸ்
4 மே 2024

அன்புத் தம்பி வாசுவுக்கு,

இளைத்திருக்கிறேன் என்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சமைக்க அலுப்பாக இருந்தால் பாசாரில் வாங்கியாவது வேளைக்குச் சாப்பிடு.

ஒரு நல்ல செய்தி. நேற்று குளிக்கும்போது தண்ணீர் சூடாக விழுந்துவிட்டது. 'ஆ' என்றேன். காற்று இல்லை, சத்தம்! கதவு கிரீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம். டாக்டர் நரம்பு அசைய ஆரம்பித்துவிட்டது என்கிறார், ஆனால் இன்னும் பேசக்கூடாதாம். வைகாசி விசாகம் இருபத்திரண்டாம் தேதி வருகிறது. அன்றே சேவலை விட்டுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். வந்த பாதிக்கு நன்றி சொல்வோம், மீதியும் வரட்டும். விசாகத்துக்கு முந்தின நாளே பண்ணைக்கு வந்து, ஒருதரம் என் கையால் ஊட்டிவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகிறேன்.

சின்னையா அண்ணன் சொல்லாமல் போய்விட்டாரா? பத்தொன்பது வருடம் இருந்தவருக்கு ஒரு மாதத்தில் வயசாகிவிட்டதா? அவர் எங்கே இருக்கிறார் என்று எழுது, நான் ஒரு நன்றி எழுதவேண்டும். இப்போது யார் ஊட்டுகிறார்கள்? இந்த மாத அரிசியையும் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா


பிரிக்பீல்ட்ஸ்
27 மே 2024

வாசு,

நான் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். நீயும் நலமாக இருப்பாய்.

'பண்ணைக்கு வரவேண்டாம், நேராகக் கோயிலுக்கு வந்துவிடு, நான் கொண்டுவருகிறேன்' என்று நீ எழுதிய நாலு வரி கிடைத்தபோதே எனக்கு என்னவோ போலிருந்தது. அதில் சின்னையா அண்ணனைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

கோயிலில் நீ கூடையைத் திறந்தாய். கறுப்பு உடம்பு, சிவப்புக் கழுத்து, காலில் புதிதாக மஞ்சள் கயிறு. அழகான சேவல்தான். உள்ளங்கையில் அரிசி வைத்து நீட்டினேன். அது பயந்து ஒதுங்கியது. இடது காலைப் பார்த்தேன். எல்லா விரலிலும் நகம் இருந்தது.

கூட்டத்தில் வைத்து உன்னைக் கேட்க மனம் வரவில்லை. ஐயர் காத்துக்கொண்டிருந்தார், சேவலை விட்டுவிட்டேன். சாமி முன்னால் நின்று ஒரு பொய்யைக் கையில் ஏந்திக் கொடுத்தேன். அன்றிலிருந்து விளக்கேற்றக் கூசுகிறது.

என் சேவல் எங்கே?

தனலெட்சுமி


பந்திங்
16 ஜூன் 2024

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இந்தக் கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன்.

பண்ணை ஆள் யாரும் வேறு கோழி, வாத்து, புறா எதையும் வளர்க்கக்கூடாது. வெளிப்பறவை நோயைக் கொண்டுவரும், பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்துகொண்டே பரப்பும். வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மற்றவர்களிடம் கையெழுத்து வாங்குகிறவனே நான்தான். நீ தடை உண்டா என்று கேட்டபோது இல்லை என்று எழுதினேன். உனக்கு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாவு தொடங்கிய மூன்றாம் நாள், டாக்டர் ஷப்னம், 'பண்ணையில வேற பறவை ஏதும் இருக்கா?' என்று கேட்டார். இல்லை என்றேன். பாஸ் எதற்கோ பின்பக்கம் போனார். அங்கே கூண்டு. பக்கத்தில் சின்னையா அண்ணன், உள்ளங்கையில் அரிசியோடு.

'யாரோட கோழி இது?' என்று பாஸ் கத்தினார். சின்னையா அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன் அக்கா. பிறகு அவர், 'என்னுதுதான் பாஸ்' என்றார்.

பத்து நிமிஷத்தில் அவரை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். கெஞ்சவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. 'அந்தச் சேவல மட்டும் நான் எடுத்துக்கிறேன் பாஸ்' என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். நாளைக்கு டாக்டர் அதைச் சோதித்ததும் வந்து வாங்கிக்கொள் என்றார் பாஸ்.

சோதனையில் நோய் இருக்கிறது என்று வந்துவிட்டால் என்ன ஆகும்? எங்கிருந்து வந்த சேவல் என்று தோண்டுவார்கள். தம்புசாமி, அப்புறம் நீ, அப்புறம் நான். அன்று சாயங்காலமே கழுத்தைத் திருகிச் செத்த கோழிகளோடு குழியில் போட்டேன். என்னைப் பார்த்ததும் அரிசி என்று நினைத்துக் கிட்டே வந்தது. மறுநாள் டாக்டரிடம், சின்னையா நேற்றே எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றேன். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். நோய்க்கோழியைக் கொண்டு ஓடிப்போனவன் என்ற பேரும் அவருக்கு வந்தது. பத்து மணிக்கு அவர் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு கேட்டில் வந்து நின்றார். நான் வெளியே போகவில்லை. காவலரிடம் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. ஐந்து முறை கிழித்தது இந்த இடத்தில்தான். நோய் முட்டையில் வந்தது என்று ரிப்போர்ட் வந்த அன்று பாஸ் என்னைக் கூப்பிட்டார். 'அப்போ அந்தாளு சேவல் மேல தப்பில்லலா. பாவம், திரும்பக் கூப்பிடுவோமா?' என்று என்னைத்தான் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் தினமும் என் எதிரே நிற்பார், தினமும் நான் அந்த முகத்தைப் பார்க்கவேண்டும். 'ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே பாஸ்' என்றேன். பாஸ் என் நேர்மையைப் பாராட்டினார்.

விசாகத்துச் சேவல் கிள்ளான் பாசாரில் வாங்கியது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் நீ அனுப்பிய அரிசியை நான் சமைத்துத் தின்றேன். கொட்டிவிட மனம் வரவில்லை, வைத்திருக்கவும் பயம்.

வாசு


பிரிக்பீல்ட்ஸ்
20 ஜூன் 2024

வாசு,

சாப்பிடுகிறாயா என்று கேட்க இருந்தேன். பிறகு அந்த அரிசி ஞாபகம் வந்தது.

உன் கடிதத்தைப் படித்து முதலில் உன்மேல் கோபம் வந்தது. கோபம் ஒரு மணி நேரம்தான். அதற்கப்புறம் வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. 'அறுபதாயிரத்து ஒன்று என்றால் என்ன குறைந்துவிடப் போகிறது' என்று கேலி பேசியவள் நான். 'மறுக்காதே' என்று உத்தரவு போட்டவளும் நான். தடை இருக்கிறதா என்று ஒரு மாதம் கழித்துக் கேட்டேன், நீ இல்லை என்றதும் சௌகரியமாக நம்பிவிட்டேன். வெயில் படாத இடமாம்! பிள்ளைகள் சொல்கிற பொய்யை வாசலிலேயே பிடிக்கிறவளுக்கு அது பிடிபடாமலா போகும்? எனக்குச் சேவல் வேண்டியிருந்தது.

ஆனால் ஒன்று. எல்லாவற்றையும் நீ எனக்கு எழுதிவிட்டாய், சரி. உன்னைத் திட்டக் குரல் இல்லாத ஒருத்தியாகப் பார்த்து எழுதியிருக்கிறாய். திருச்செல்வத்திடம் போய்ச் சொல். பிறகு சின்னையா அண்ணன் இருக்கும் இடத்தைத் தேடிப் போ. அதுவரை எனக்கு எழுதாதே, நானும் எழுதமாட்டேன்.

தனலெட்சுமி


பந்திங்
28 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? ஆகஸ்டு வரப்போகிறது, குரலைப் பற்றி ஏதாவது சொன்னார்களா? ஐந்து வாரமாக உன் கடிதம் இல்லாமல் இருந்தது பெரிய தண்டனை.

போன திங்கட்கிழமை பாஸிடம் சொன்னேன். சேவல் என்னுடையது, கொன்றது நான், அவரைக் கூப்பிடவேண்டாம் என்றது என் பயத்தினால் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நிமிஷத்தில் வெளியே போ என்பார் என்று துணியைக்கூட மடித்துப் பையில் வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. 'அந்த மனுஷன் என்னைத் தூக்கி வளர்த்தவர்லா, வாசு' என்றார். அப்புறம், 'போ, ஒண்ணாவது கொட்டகைல குஞ்சு எறங்குது, போய்ப் பாரு' என்று திரும்பிக்கொண்டார். அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம். அடித்திருந்தால்கூடத் தேவலை. சின்னையாவைக் கூப்பிடு, வந்தால் வரட்டும் என்று மட்டும் சொன்னார்.

நேற்று கிள்ளானுக்குப் போனேன். லோரி நிறுத்துகிற இடத்தில் வெயிலில் ஒரு குடைக்கடியில் உட்கார்ந்து ஜாகாவாகக் காவல் வேலை பார்க்கிறார், வருகிற வண்டிக்குக் கேட் திறந்துவிடுகிறார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். பத்தொன்பது வருடப் பழக்கம், சூப்பர்வைசர் வந்தால் எழுந்திருப்பது. எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

பாஸ் கூப்பிடுகிறார் என்றேன். 'வேணாம் தம்பி. இங்க ஒக்காந்துக்கிட்டே வேல' என்று சிரித்தார். ஏன் உங்களுடையது என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். என் மேல் இருந்த பாசம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன், அதையும் மறைக்கமாட்டேன். அவர் சொன்னது இதுதான்:

'நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன் தம்பி. சொல்லல. யாரும் வாயத் தொறக்கலன்னா அங்கேயே அடிச்சுப் போட்டிருப்பாங்க. ஒடையவன்னு ஒருத்தன் நின்னாத்தானே, நான் எடுத்துட்டுப் போறேன்னு கேக்க முடியும்? அக்கா வேண்டுதலாச்சே. வீட்டுக்குக் கொண்டுபோய் நான் வளர்த்துடலாம்னு நெனச்சேன்.'

அக்கா, அவர் வேலையைக் கொடுத்து அந்தச் சேவலை வாங்கியிருக்கிறார். அன்று சாயங்காலமே நான் அதைக் கொன்றேன். மறுநாள் அவர் கூடையோடு வந்தது அதற்குத்தான்.

மன்னிப்புக் கேட்டேன். 'டீ குடிங்க' என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கிளம்பும்போது, 'அக்காவோட குரல் கனமா நல்லா இருக்கு தம்பி' என்றார். உன் குரலை அவர் எங்கே கேட்டார்? அவருக்கு நினைவு தடுமாறுகிறதோ என்று பயமாக இருக்கிறது.

தலைகுனிவுடன்,
வாசு


பிரிக்பீல்ட்ஸ்
4 ஆகஸ்டு 2024

அன்புத் தம்பி வாசுவுக்கு,

நான் நலம். தொண்டையும் சேர்த்து.

சின்னையா அண்ணனுக்கு நினைவெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. விசாகத்தன்று நீ அர்ச்சனைச் சீட்டு வாங்க வரிசையில் நின்றாயே, அப்போது ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். நான் கையில் வைத்திருந்த சேவலின் காலைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். சேவலைப் பற்றியும் உன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. 'வாசு தம்பியோட அக்காதானேம்மா? நான் சின்னையா. குரல் வந்துச்சா?' என்று கேட்டார்.

'வந்துடுச்சுண்ணே' என்றேன்.

டாக்டர் பேசக்கூடாது என்றதெல்லாம் மறந்துபோனது. கரகரவென்று, ஆனால் முழுசாக வந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை அது. அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டார். அவர் எதை இழந்துவிட்டு வந்து அதைக் கேட்டார் என்று உன் கடிதம் வந்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

உனக்கு அன்றே சொல்லியிருக்கலாம், போனிலும் கூப்பிட்டிருக்கலாம். வேண்டுமென்றேதான் இரண்டு மாதம் மறைத்தேன். கூப்பிட்டால் நீ அழுவாய், நானும் அழுவேன், அந்த அழுகையோடு உன்னை மன்னித்துவிடுவேன். சின்னையா அண்ணன் கிள்ளானில் வெயிலில் உட்கார்ந்திருப்பார். நானும் உன்னிடம் ஒன்றை மறைத்தவள்தான், அதையும் இதில் எழுதிவிட்டேன்.

நாளை மூன்றாம் வகுப்புக்குப் போகிறேன். வேண்டுதல் மட்டும் அப்படியே நிற்கிறது. சின்னையா அண்ணன் வீட்டுக்கு நானே போய்ப் பேசிவிட்டேன். ஒரு சேவல் குஞ்சு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அவர் வளர்க்கச் சம்மதித்திருக்கிறார். ரத்தசொந்தம்தான் வளர்க்கவேண்டும் என்ற வழக்கத்தை நான் மாற்றிவிட்டேன். முருகனுக்கு ஆட்சேபணை இருந்தால் என்னிடம் கேட்கட்டும்.

ஞாயிறுதோறும் இங்கே வந்து அரிசியை வாங்கிக்கொண்டு போய் அவரிடம் கொடுப்பது உன் வேலை. கிளம்பும் முன் குளித்து, செருப்பை மாற்றிக்கொள், பண்ணை அழுக்கோடு போகாதே. பையை வாசல் கம்பியில் மாட்டிவிட்டு ஓடிவந்துவிடாதே. வெளியே நின்று, 'சின்னையாண்ணே' என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிடு. அவர் வெளியே வரும்வரை நில்.

அன்புடன்,
உன் அக்கா